குசினியில் நாயனம், ஹாலில் மைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கெழுதுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பாட்டு எழுதுவேன், அதற்கு நானே வாசிப்பேன், நானே ஒலிப்பதிவும் செய்வேன். ஆணி வாங்க வருகிறவர், திருவிழாவில் பார்க்கிறவர், சொந்தக்காரர் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பில் போட்டுக்கொண்டே பதில் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் செய்வது என்ன வகைப் பாட்டு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. "கலவை" என்று சொல்லிப் பார்த்தேன். ஹார்ட்வேர் கடையில் இருந்துகொண்டு கலவை என்றால் சிமெண்டு எத்தனை பை என்கிறார்கள்.

நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். லயத்து வீடுகளுக்கு நடுவில் இருந்தது பலகைச் சுவர். இந்தப் பக்கம் அப்பாவின் ரேடியோவில் தமிழ் ஒலிபரப்பு ஓடும். இன்றைக்கு அதன் பெயர் மின்னல் எஃப்எம், அன்றைக்கு ரேடியோ 6. சுவருக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் ஆட்டப் பாட்டான ஜோகெட். மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் உறுமி. சீனர்களின் ஏழாம் மாதத்தில் டவுனுக்குப் போனால் பேய்களுக்காக மேடை போட்டு, முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுப் பாடுவார்கள். இவை அத்தனையும் ஒரே காதில், சில நாள் ஒரே மாலையில் விழுந்தன.

கித்தாரும் உறுமியும் ஒரு பாட்டில் வந்தால் "ஃபியூஷனா?" என்கிறார்கள். தனித்தனியாக இருந்தவற்றை ஒருவர் சேர்த்து வைத்தால் அதை ஃபியூஷன் எனலாம். என் காதுக்கு அவை தனித்தனியாக வரவே இல்லை. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் அலிகேட்ஸ் குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்கப் புகழ் பெற்றார்கள். எங்கள் லயத்தில் யாரும் அதை விசித்திரமாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. "நம்ம பையங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

எத்தனை வாத்தியம் வாசிப்பீர்கள்?

நன்றாக வாசிப்பது கித்தார் ஒன்றுதான். ஹார்மோனியம், பேஸ் கித்தார், யுகுலேலே, தப்பு மேளம் எல்லாம் ஓரளவு. மிருதங்கத்திலும், மலாய்க்காரர்களின் தோல் வாத்தியமான கொம்பாங்கிலும் எனக்கு வேண்டிய நாலு தாளச் சொல்லை மட்டும் எடுக்கத் தெரியும். மிருதங்க வித்வான் யாராவது பக்கத்தில் இருந்தால் தொடமாட்டேன்.

மலேசியாவில் ரப்பருக்குக் கித்தா என்று பெயர், மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. முப்பது வருடம் பால் மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த அம்மா, நான் முதல் கித்தார் வாங்கி வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கித்தா புடிச்சேன், நீ கித்தாரு புடிக்கிற. ஒரு எழுத்துதான் கூட" என்றார். அந்த ஒரு எழுத்துக்காக ஒரு பாட்டே எழுதினேன். இன்னும் சரியாக வரவில்லை.

எல்லாவற்றையும் ஒரே ஆள் எப்படி வாசிக்க முடியும்?

ஒரே நேரத்தில் வாசிப்பதில்லை. முதலில் தாளத்தைப் பதிவு செய்வேன். அப்புறம் அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே கித்தார், அதற்கு மேல் பேஸ், கடைசியில் குரல். ஒவ்வொன்றும் தனி ட்ராக்கில் இருக்கும். இது புதிய வித்தை ஒன்றும் இல்லை. சாதாரணக் கேசட்டில் நான்கு ட்ராக் தனித்தனியாகப் பதியும் போர்ட்டாஸ்டுடியோ என்ற இயந்திரத்தை டாஸ்காம் நிறுவனம் 1979-லேயே கொண்டுவந்துவிட்டது. அதற்கு முன் பெரும்பாலும் பெரிய ரீல் மெஷின் வேண்டும், அல்லது ஸ்டுடியோ வாடகை கொடுக்கக் காசு வேண்டும். இன்றைக்குப் பழைய லேப்டாப்பில்கூட நாற்பது ட்ராக் ஓடும்.

தனி ஆளாக வாசிப்பதில் யாரும் சொல்லாத கஷ்டம் ஒன்று உண்டு. மூன்றாவது அடியில் அவசரப்படுவது என் புத்தி. குழுவாக வாசித்தால் ட்ரம்ஸ்காரர் முறைத்துப் பார்ப்பார், அடங்கிவிடுவேன். ஏழு வாத்தியமும் நானே வாசித்தால் ஏழும் அதே இடத்தில் அவசரப்படும். கேட்கிறவர்கள் அதைத் தவறென்று நினைப்பதில்லை. "உங்க ஸ்டைல் நல்லா இருக்கு" என்கிறார்கள். எனக்குத்தான் உண்மை தெரியும்.

பொம்பளை தப்பு அடிக்கலாமா?

அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டில் ஒலிப்பதிவு செய்ய என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, இரண்டு மைக் செருகலாம், பழையது, 250 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. ஒரு டைனமிக் மைக், ஒரு கண்டென்சர் மைக். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். ட்ராக்குகளைப் பதிய ரீப்பர் என்ற மென்பொருள். அதை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் 60 அமெரிக்க டாலர் கொடுத்து உரிமம் வாங்கவேண்டும். காசே போட விருப்பமில்லை என்றால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

இரண்டு மைக்கில் எது நல்லது என்று கேட்பார்கள். கண்டென்சருக்குக் காது கூர்மை. கம்பியில் விரல் உரசுவது வரை பிடிக்கும். இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். டைனமிக்குக் காது கொஞ்சம் மந்தம், எதிரே வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும். நம் ஊர் வீடுகளுக்கு அந்த மந்தக் காதுதான் வரம் என்பது என் கருத்து. தெருநாய், மோட்டார், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எதையும் அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஒரே ஒரு மைக் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் டைனமிக் வாங்குங்கள்.

புதிதாகத் தொடங்குகிற எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "நான் வாசிப்பது ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்குது" என்பார்கள். கணினி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்புகிறது. அந்தச் சேமிப்பின் அளவுக்குப் பஃபர் என்று பெயர். ஒலியை நொடிக்கு 48,000 துண்டுகளாக (சாம்பிள்) எடுக்கும்போது பஃபர் 1024 துண்டு என்றிருந்தால் 21 மில்லிநொடி தாமதம். ஏழு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தாளக்காரரோடு சேர்ந்து பாடுவதும் இதுவும் ஒன்று. பதியும்போது 128-க்கு இறக்கிவிட்டால் மூன்று மில்லிநொடிக்கும் குறைவு. உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் காது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. எல்லா ட்ராக்கையும் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்கின்போது பஃபரை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

"ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கூடவே வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல நேரம் அதுதான் குற்றவாளி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ஓசை அதிலும் அதன் மடங்குகளிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மழை வந்தால் என்ன செய்வீர்கள்?

ஒன்றும் செய்யமாட்டேன். தேத்தண்ணி குடிப்பேன்.

நாங்கள் இப்போது இருப்பது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய மலிவு விலை டெரஸ் வீடு. பின்பக்கம் இழுத்துக் கட்டிய குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, தகரக் கூரை. பேராக்கில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலமானால் கொட்டும். அந்தத் தகரத்தில் விழும் சத்தத்தை எந்த மென்பொருளும் எடுக்காது. முட்டை அட்டையும் ஸ்பாஞ்சும் சுவரில் ஒட்டினால் வெளிச்சத்தம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பாஞ்சு அறைக்குள்ளே எழும் எதிரொலியைக் கொஞ்சம் அடக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும் வேண்டும். அதற்கு ஆகிற செலவில் இன்னொரு வீட்டுக்கே முன்பணம் கட்டலாம்.

எதிரொலிக்கு நான் பயன்படுத்துவது பாட்டியின் இலவம்பஞ்சு மெத்தை. பாடும்போது எனக்குப் பின்னால் அதை நிறுத்திவைப்பேன். மைக்கின் முதுகு எங்கே இருக்கிறது என்பதைவிட, மைக் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது முக்கியம். அது என்னையும் எனக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான் பார்க்கிறது. நிறைய பேர் மைக்குக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டு, தங்கள் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரை விட்டுவிடுகிறார்கள்.

எனக்குத் தோதான நேரம் இரவு 11 மணியிலிருந்து 1:30 வரை. விசிறியை நிறுத்தவேண்டும், கதவைச் சாத்தவேண்டும், பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். அதனால்தான் என் பாட்டு எதுவும் நாலு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. கலை நுட்பம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த நேரத்தில் மிஞ்சுவது ரயிலும் பல்லியும். சரக்கு ரயில் வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். பல்லி சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஒரு பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில், தாளம் தப்பாமல், மூன்று முறை "ட்ச் ட்ச் ட்ச்" என்றது. அழித்துவிட்டு மறுபடி பாட உட்கார்ந்தேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா, "பல்லி சொல்லிருச்சு. மாத்தாத" என்றார். அப்படியே விட்டுவிட்டேன். அது என்ன வாத்தியம் என்று ஒருவர் கேட்டார். சொன்னேன், நம்பவில்லை.

உங்கள் பாட்டு ஒன்றில் வரும் நாயனத்தை எங்கே பதிவு செய்தீர்கள்? கோயில் மாதிரி கேட்கிறதே?

எங்கள் வீட்டுக் குசினியில்.

நாயனம் எனக்கு வாசிக்கத் தெரியாது. கோயிலில் வாசிக்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்சாய் மோட்டாரில், பையை மார்போடு கட்டிக்கொண்டு வந்தார்.

"மைக் எங்கம்மா?"

"ஹால்ல இருக்கு மாமா. நீங்க குசினியில நின்னு வாசிங்க."

"விருந்தாளியக் குசினியில நிக்க வெக்கிறியே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நாயனம் தெருவுக்கும் பிராகாரத்துக்கும் செய்த வாத்தியம். பக்கத்தில் மைக் வைத்தால் காதைக் கிழிக்கிற ஒரு கீச்சல் மட்டும் பதியும், அதன் உடம்பு பதியாது. பதினைந்து அடி தள்ளி, நடுவில் ஒரு கதவு திறந்திருக்க, டைல்ஸ் ஒட்டிய சுவரில் மோதி வந்த பிறகுதான் அது நாயனமாகிறது. நீங்கள் கோயில் என்று நினைத்தது எங்கள் வீட்டுச் சுவர் டைல்ஸ்.

நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து ஊறவிட்டுக்கொண்டே, பெரியவர் நான் பதிந்திருந்த கித்தாரைக் கேட்டார், தலையை ஆட்டினார். ஆட்டியது "நல்லா இருக்கு" என்றல்ல. அவர் நாயனத்தின் சுருதி இரண்டு கட்டைக்குக் கொஞ்சம் கீழே, ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. நான் கித்தாரைச் சரியாக இரண்டு கட்டையில், அதாவது டி சுரத்தில், முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தேன். இரண்டு இரவு உழைப்பு. "கம்பிய இறக்கிக்கலாம்மா, மரத்த இறக்க முடியாது" என்றார். சரி, இறக்கிக்கொண்டேன். கித்தாரும் பேஸும் கீழே வந்தன. ஹார்மோனியத்தின் பித்தளை நாக்குகள் வரவில்லை. அதனால் அந்தப் பாட்டில் ஹார்மோனியமே கிடையாது. இப்போதெல்லாம் சுருதியை மாற்ற முடியாத வாத்தியத்தைத்தான் முதலில் பதிவேன்.

முதல் முறை வாசித்தபோது தட்டில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் சேர்ந்து அதிர்ந்தன. எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது சுத்தமாக இருந்தது, உயிர் முதலாவதில் இருந்தது. பாட்டில் இருப்பது முதலாவது. உற்றுக் கேட்டால் டம்ளரும் கேட்கும்.

ஈப்போ பக்கம்தானே, நல்ல ஸ்டுடியோவுக்குப் போகலாமே?

சுமார் 30 கிலோமீட்டர்தான். போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். சுருதி சேராத நாயனத்தைக் கேட்டதும் ஒலிப்பதிவாளர் ஒரு பொத்தானை அமுக்கி அத்தனை சுரத்தையும் கீபோர்டின் படிக்கட்டில் ஏற்றிவிட்டார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும் கமகம் எல்லாம் போய், நர்சரிப் பிள்ளை படியேறுவது மாதிரி ஆனது. "இப்ப சரியா இருக்கு" என்றார். நல்ல மனிதர்தான், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மணிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும்போது அவரோடு சண்டை போட எனக்கு வசதியில்லை. வீட்டில் பல்லிக்கும் நேரம் கொடுக்கலாம்.

தப்பு இவ்வளவு ஈர ஊரில் எப்படி நிற்கிறது?

நிற்பதில்லை. தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். முறைப்படி நெருப்பில் காட்டவேண்டும். நான் அறைக்குள் வைக்கோல் கொளுத்த முடியாததால் தலைமுடி உலர்த்தும் ஹேர் ட்ரையரால் சூடு காட்டுகிறேன். தெரிந்த மேளக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு தடவை சூடு காட்டினால் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், அதற்குள் பதிந்துவிட வேண்டும்.

மலாய்க்காரர்களின் கொம்பாங்குக்கு வேறு வழி. தோலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பிரம்புத் துண்டைச் சுற்றிலும் செருகி இறுக்குவார்கள், அதற்குச் செடாக் என்று பெயர். இரண்டும் தோல்தான், இரண்டுக்கும் ஒரே வியாதி. மிருதங்கத்தின் கதை பெரிது. வலப்பக்கத்து வலந்தலைக்குக் கல்லும் கட்டையும் வைத்து வாரில் தட்டவேண்டும், இடப்பக்கத்துத் தொப்பிக்கு ரவை பிசைந்து ஒட்டவேண்டும், முடிந்ததும் சுரண்டி எடுக்கவேண்டும். மறந்தால் எறும்பு வந்துவிடும். மறந்திருக்கிறேன்.

தண்ணீர் சொட்டுவது மாதிரி ஒரு மணியோசை வருகிறதே, அது கீபோர்டா?

இல்லை, மங்கு. ரப்பர்ப் பால் பிடிக்கப் பால் மரத்தில் கட்டித் தொங்கவிடும் கிண்ணம். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. முன்பு பீங்கான், பளபளப்புப் பூசிய கனமான மங்கு. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிய பிறகு அவை கோழிக்குத் தீனி வைக்கவும் ரோஜாத் தொட்டிக்கு அடியில் வைக்கவும் போய்விட்டன. கோழியிடமிருந்து மீட்டதுதான் என்னிடம் உள்ளவற்றில் பாதி.

தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களைத் தட்டி வாசிக்கும் ஜலதரங்கம் எப்படியோ அப்படித்தான். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற சுரம் இறங்கும். சீனச் சாப்பாட்டுக் குச்சியின் நுனியில் ரப்பர் பேண்ட் சுற்றி அதனால் தட்டுவேன். மங்கு ஜலதரங்கக் கிண்ணத்தைவிடத் தடிமன், ஓசை சீக்கிரம் செத்துவிடும். "டொங்" என்று நீளாது, "டொக்" என்பதற்கும் "டிங்" என்பதற்கும் நடுவில் நின்றுவிடும். அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் வாங்கிய ஒரு மங்கு ஒலிக்கவே இல்லை, மரக்கட்டை மாதிரி இருந்தது. விரிசல் என்று நினைத்துத் தூக்கிப்போடப் போனேன். அம்மா வாங்கிப் பார்த்தார். உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். எத்தனையோ வருடத்துக்கு முந்திய ஒட்டுப்பால், காய்ந்து ஒட்டிப்போன ரப்பர்ப் பால், ஒரு பழுப்புத் தோலாக, அறுபடாமல் உரிந்து வந்தது. அதை உருண்டையாக உருட்டி, கைலியில் செருகப் போய், அப்புறம்தான் ஞாபகம் வந்து சிரித்தார். ஒட்டுப்பாலைச் சேர்த்துக் கொடுத்தால் கிலோவுக்குக் காசு வரும் காலத்துக் கை அது. மங்கைத் தட்டினேன், ஒலித்தது.

ஒரு எச்சரிக்கை. வாசித்து முடித்த கையோடு தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரிக்கு ஜலதரங்கம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு இரவும் புதிதாகச் சுருதி சேர்க்கும் தொல்லையைக் குறைக்க, தண்ணீர் மட்டத்தை நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சா சிவப்பு, பா நீலம்.

சுங்கை சிப்புட் உள்காட்டில் தெமியார் பூர்வகுடி மக்கள் மூங்கிலால் தாளம் வைப்பார்களே, அதையும் உங்கள் பாட்டில் சேர்க்கலாமே?

அவர்களுடைய ஆட்டமும் பாட்டுமான செவாங் சடங்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மூங்கில் குழாய்களை இரண்டிரண்டாகக் கட்டையில் இடித்துத் தாளம் வைப்பதைச் சொல்கிறீர்கள். சேர்க்கமாட்டேன். நான் முன்னே சொன்ன உறுமி, ஜோகெட், ஏழாம் மாத மேடை எல்லாம் என் காதுக்கு அழைக்காமலே வந்தவை. செவாங்குக்கு நான் தேடிப் போகவேண்டும், போனால் ஒரு சடங்குக்குள் மைக்கோடு நுழைகிறேன். அங்கே யாராவது என்னோடு சேர்ந்து வாசிக்க விரும்பி வந்தால் அது வேறு கதை.

சினிமாப் பாட்டைப் பாடிப் போடலாமே, நிறைய பேர் கேட்பார்களே?

கேட்பார்கள். அதோடு அனுமதியும் கேட்பார்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. சொல்லுக்கும் மெட்டுக்கும் ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. நீங்களே பாடிப் பதிந்தால் ஒலி உங்களுடையது, சொல்லும் மெட்டும் உங்களுடையதல்ல. "கீழே நன்றி போட்டிருக்கிறேன்" என்பது அனுமதி ஆகாது.

உங்கள் பாட்டை யாராவது திருடிவிட்டால்?

மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதிப் பதிந்த உடனே உரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும் காலமும் அதற்குப் பின் 50 வருடமும் அது நீடிக்கும். ஆனால் தகராறு என்று வந்தால் "எப்போது எழுதினாய்?" என்பார்கள். அதற்காக அறிவுசார் சொத்துக் கழகத்தில், எல்லாரும் மைஐபிஓ என்பார்கள், விருப்பப்பட்டுத் தெரிவித்து வைக்கும் ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது. தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிக்கொள்ளும் பழைய யோசனையை விட்டுவிடுங்கள்.

எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேரவேண்டிய தொகையை வசூலிக்க எம்ஏசிபி என்ற சங்கம் இருக்கிறது. வானொலியில் பாட்டு வரத் தொடங்கினால் அதில் சேருவதைப் பற்றி யோசியுங்கள்.

இதில் காசு வருமா?

கடைச் சம்பளம் வருகிறது.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி. முந்திய 12 மாதத்தில் ஒரு பாட்டு குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குக் காசுக் கணக்கே தொடங்கும். என் பாட்டுகளில் இரண்டு அந்தக் கோட்டைத் தாண்டின. அதில் ஒன்று பல்லி பாட்டு. வந்ததை வைத்துக் கித்தார்க் கம்பி ஒரு செட் வாங்கினேன், மிச்சம் வரவில்லை. பாட்டைச் சத்தமாக ஏற்றி அனுப்பினால் நிறைய பேர் கேட்பார்கள் என்று சிலர் கசக்கிப் பிழிந்து அனுப்புகிறார்கள். ஸ்பாட்டிஃபைக்காரர்களே எல்லாவற்றையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பிழிந்ததுதான் மிச்சம்.

அக்கம்பக்கத்தில் திட்ட மாட்டார்களா?

சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சீன ஆன்ட்டி பத்து வருடமாகப் பக்கத்து வீடு. ஒரு நாள் கேட்டில் நிறுத்தி, "நேத்து ராத்திரி நாலாவது தடவ பாடினதுதான் நல்லா இருந்துச்சு" என்று மலாயில் சொன்னார். போய்க் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

என் பிள்ளைக்கு எந்த வாத்தியம் வாங்கிக் கொடுக்கலாம்?

அவன் எதைத் தட்டிக்கொண்டு திரிகிறானோ அதை. கண்டிப்பாகக் காசு செலவழிக்கவேண்டும் என்றால் யுகுலேலே. நாலு கம்பி, நைலான், விரல் வலிக்காது. அதற்கு முன் ஒரு காலி மைலோ டின்னில் கைப்பிடி ரப்பர் விதையைப் போட்டு மூடிக் கொடுங்கள். செலவு கிடையாது, ஓசையும் அருமை. ஆனால் அதே விதையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்த பிள்ளையின் கையில் வைப்பான். நாங்களும் வைத்தோம்.

கல்யாணத்துக்கு வந்து வாசிப்பீர்களா?

ஏழு பேர் வாசிப்பது மாதிரி கேட்பதை நம்பி ஏழு பேருக்குச் சம்பளம் பேசுகிறார்கள். வரப்போவது ஒரே ஆள். சாப்பாட்டுக்கு வேண்டுமானால் வருகிறேன்.

அடுத்த பாட்டு எப்போது வரும்?

பாட்டு முடிந்துவிட்டது, ஒரு சுரம் பாக்கி. மங்கில் மேல் சட்ஜம் கிடைக்கவில்லை. தண்ணீர் ஊற்றி இறக்கத்தான் முடியும், ஏற்ற முடியாது. வெறும் கிண்ணமாக இருக்கும்போது என்ன சுரமோ அதுதான் உச்சம். என்னிடம் உள்ள ஏழில் எதுவும் அந்த உயரத்துக்கு வரவில்லை. இருப்பதைவிடச் சின்னதாக ஒரு பீங்கான் மங்கு வேண்டும். உங்கள் வீட்டுக் கோழிக்கூண்டிலோ ரோஜாத் தொட்டிக்கு அடியிலோ இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள். தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்குப் புது பிளாஸ்டிக் கிண்ணம் தருகிறேன். ஒட்டுப்பாலை உரிக்க வேண்டாம், அம்மா உரிப்பார்.